மொரிசியஸ் அலுவலகத்தில் முதல் ஆறு மாதங்கள்: அலுவலக நிர்வாகம் கற்க ஒரு முழுமையான வழிகாட்டி

போர்ட் லூயியிலும் பிறகு எபேனிலும் அலுவலக நிர்வாகியாக வேலை பார்த்த ஆண்டுகளில், என் பக்கத்து மேசையில் பலர் உட்கார்ந்து வேலை கற்றிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் தடுமாறிய இடம் ஒன்றுதான். கணினி தெரியும், சான்றிதழ் இருக்கும், ஆங்கிலம் வரும். ஆனால், "காலையில் வந்த அந்தக் கடிதம் இப்போது யாரிடம் இருக்கிறது?" என்று கேட்டால் பதில் வராது.

அலுவலக நிர்வாகத்தின் அடித்தளமே அந்தக் கேள்விதான். ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு பொறுப்பாளர், ஒரு தேதி, ஓர் இடம் இருக்க வேண்டும். கீழே உள்ள படிகளை இந்த வரிசையிலேயே கற்றுக்கொள்ளுங்கள். பதிவேடு இல்லாமல் காலண்டரை நிரப்ப முடியாது. காலண்டர் இல்லாமல் தொலைபேசியில் யாருக்கும் உறுதி சொல்ல முடியாது. இவை மூன்றும் கைவராமல் பணப்பெட்டிச் சாவியை வாங்கவே கூடாது.

1. சேருவதற்கு முன் தயாராக இருக்க வேண்டியவை

தைத்த குறிப்பேடு ஒன்று வாங்குங்கள். உதிரித்தாள்களும் ஒட்டுச் சீட்டுகளும் வேண்டாம், அவை தொலைந்துவிடும். இடப்பக்கத்தில் உங்களுக்குச் சொல்லப்பட்டதை எழுதுங்கள், வலப்பக்கத்தில் நீங்கள் செய்ததையும் செய்த தேதியையும் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்று ஒருவர் சொல்லும்போது, உங்கள் நினைவை நம்பி வாதாட வேண்டியிருக்காது.

எக்செலில் நான்கு வேலைகள் தடங்கலில்லாமல் வர வேண்டும்: வரிசைப்படுத்துதல், வடிகட்டுதல், கூட்டுதல், தலைப்பு வரியை நகராமல் நிறுத்துதல். முதல் ஆறு மாதத்துக்கு இவை போதும். சூத்திரங்களை மனப்பாடம் செய்துவிட்டு, ஒரு பட்டியலைத் தேதி வாரியாக அடுக்கத் தெரியாமல் திணறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அலுவலகத்துக்குப் போகும் வழியை ஒரு வேலை நாளில், வேலை நேரத்துக்குச் சென்று பாருங்கள். க்யூர்பிப்பிலிருந்து மெட்ரோவில் போர்ட் லூயிக்கு வருவது ஞாயிற்றுக்கிழமை ஒரு கணக்கு, திங்கட்கிழமை காலை வேறு கணக்கு.

பயிற்சி வகுப்பில் சேரலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: சேருங்கள், நேர்காணலுக்கு அழைப்பு வர அது உதவும். அதோடு, உங்கள் ஊர்க் கோவில் சங்கத்தில் ஆறு மாதம் செயலாளருக்கு உதவியாக இருங்கள். காவடித் திருவிழாவுக்கு முன்னால் அங்கே கடிதப் போக்குவரத்து, ரசீதுப் புத்தகம், கூட்டக் குறிப்பு, சில்லறைச் செலவு, எல்லாம் நடக்கும். தவறு செய்தால் ஒரு பெரியவர் உட்கார வைத்துத் திருத்துவார். அந்தப் பொறுமையை அலுவலகத்தில் எதிர்பார்க்க முடியாது. என்னிடம் வந்தவர்களில் வேகமாகத் தேறியவர்கள் இப்படிப்பட்ட இடங்களில் கை பழகியவர்களே.

2. முதல் வாரம்: காகிதத்தின் பாதையை வரையுங்கள்

முதல் வாரத்தில் உங்களிடம் பெரிய வேலை எதுவும் தரமாட்டார்கள். அந்த ஓய்வு திரும்பக் கிடைக்காது. மூன்று காகிதங்களைத் தேர்ந்தெடுங்கள்: பொருள் கொடுத்தவர் அனுப்பிய ஓர் இன்வாய்ஸ், வாடிக்கையாளரின் ஒரு புகார், ஊழியர் ஒருவரின் விடுப்பு விண்ணப்பம். ஒவ்வொன்றும் வாசலில் நுழைந்து அலமாரிக்குப் போய்ச் சேரும்வரை பின்தொடருங்கள்.

வழியில் நான்கு கேள்விகள் கேளுங்கள். இது எந்த வழியாக வந்தது? யார் முடிவெடுக்கிறார்? யார் கையொப்பமிடுகிறார்? கடைசியில் எங்கே தங்குகிறது? பதில்களைக் குறிப்பேட்டில் அம்புக்குறி போட்டு வரையுங்கள். முடிவெடுப்பவரும் கையொப்பமிடுபவரும் பல அலுவலகங்களில் வேறு வேறு ஆட்கள். அதைத் தெரிந்துகொள்ளாமல் கையொப்பத்துக்கு நேரே நீட்டினால், காகிதம் திரும்பி வரும். நடுவில் ஒருவரின் மனமும் புண்பட்டிருக்கும்.

இங்கே நடக்கும் தவறுகள் இரண்டு. எல்லாக் கேள்விகளையும் மேலாளரிடமே கொண்டுபோவது முதலாவது. வரவேற்பு மேசையில் இருப்பவர், காசாளர், வங்கிக்கும் அரசு அலுவலகங்களுக்கும் நடந்துவரும் உதவியாளர், இந்த மூவருக்கும்தான் உண்மையான பாதை தெரியும். எந்தச் சாளரத்தில் எந்தப் படிவத்தைத் திருப்பி அனுப்புவார்கள் என்பதை உதவியாளர் அண்ணன்தான் சொல்ல முடியும். இரண்டாவது தவறு, முதல் வாரத்திலேயே "இதை மாற்றினால் நன்றாக இருக்குமே" என்று சொல்வது. ஒரு படிவத்தில் மூன்று கையொப்பம் இருப்பதற்கு, என்றோ காணாமல் போன ஒரு பணம் காரணமாக இருக்கலாம். காரணத்தைத் தெரிந்துகொண்ட பிறகு உங்கள் யோசனையைச் சொல்லுங்கள்.

3. பதிவேடு: பதியாமல் எதுவும் மேசைக்குப் போகக்கூடாது

உள்வரவுப் பதிவேட்டில் எட்டுக் கட்டங்கள் போதும்: வரிசை எண், கைக்கு வந்த தேதி, கடிதத்தில் உள்ள தேதி, அனுப்பியவர், பொருள், யாரிடம் கொடுக்கப்பட்டது, பதில் தர வேண்டிய நாள், முடிந்த நாள்.

இரண்டு தேதிகள் ஏன் என்று எல்லோரும் கேட்பார்கள். கடிதத் தேதி மூன்றாம் நாள், உங்கள் கைக்கு வந்தது பத்தாம் நாள், பதினான்கு நாளுக்குள் பதில் கேட்கிறார்கள் என்று வையுங்கள். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்ற சண்டை வந்தால், காகிதத்தின் மேல் அன்றே குத்திய 'பெறப்பட்டது' முத்திரையும் பதிவேட்டு வரியும்தான் உங்கள் சாட்சி. ஆகவே முத்திரை முதலில், பதிவு அடுத்து, பிறகுதான் மேசை.

ஈமெயிலும் வாட்ஸ்அப்பும் இதில் சேரும். முதலாளியின் கைபேசிக்கு வாடிக்கையாளர் அனுப்பிய ஓர் ஆர்டர், அலுவலகத்துக்குத் தெரியாமல் மூன்று நாள் அங்கேயே கிடப்பது வாடிக்கை. "ஆர்டர் எதுவானாலும் அலுவலக முகவரிக்கு அனுப்பிவிடுங்கள், நான் எண் போட்டுவிடுகிறேன்" என்று பணிவாகக் கேட்டு வழக்கப்படுத்துங்கள். உங்கள் நன்மைக்காகத் தொடங்கிய அந்த வழக்கம் ஒரே மாதத்தில் அவருக்கும் நிம்மதி தரும்.

மாலையில் மொத்தமாகப் பதிந்துகொள்ளலாம் என்று காகிதங்களைச் சேர்த்து வைக்காதீர்கள். மாலைக்குள் அவற்றில் இரண்டு வேறு மேசைக்குப் போயிருக்கும். கடைசிக் கட்டத்தைக் காலியாக விடுவது இன்னொரு தவறு. வெள்ளிக்கிழமை மதியம் 'முடிந்த நாள்' காலியாக உள்ள வரிகளை வடிகட்டிப் பாருங்கள். திங்கட்கிழமை செய்ய வேண்டிய வேலைப் பட்டியல் அங்கேயே கிடைத்துவிடும்.

4. கோப்புகள்: பெயர், இடம், உயரம்

கணினிக் கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியை முன்னால் போடுங்கள்: 2025-03-14, பிறகு அனுப்பியவர், பிறகு பொருள். நாளை முன்னால் போட்டால் கணினி எல்லா மாதத்து முதல் தேதிகளையும் ஒன்றாக அடுக்கிவிடும். 'இறுதி', 'இறுதி இரண்டு', 'உண்மையான இறுதி' என்றெல்லாம் பெயர் வைப்பதை அடியோடு விடுங்கள். அவற்றில் எது கையொப்பமான பிரதி என்று ஆறு மாதம் கழித்து வைத்தவருக்கே தெரியாது.

ஆட்களின் பெயரில் நம் தீவுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. முத்து என்ற ஒரே பெயரை ஒரு குடும்பம் இரட்டை ஓ போட்டு எழுதும், இன்னொரு குடும்பம் பிரெஞ்சு வழக்கில் ஓ-யு சேர்த்து எழுதும், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் யு மட்டும் போடுவார். காதால் கேட்டு எழுதினால் ஒருவருக்கு மூன்று கோப்புகள் உருவாகிவிடும். அதைவிட மோசம், மூன்று பேர் ஒரே கோப்புக்குள் போவது. அடையாள அட்டையில் உள்ள எழுத்துகளை அப்படியே பாருங்கள். தேடுவதற்குப் பெயரை நம்பாமல் ஊழியர் எண்ணையோ வாடிக்கையாளர் எண்ணையோ பயன்படுத்துங்கள். படிவங்களில் 'நோம்' என்பது குடும்பப்பெயர், 'ப்ரேநோம்' என்பது இட்ட பெயர். இதைத் தலைகீழாக நிரப்புவது புதியவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது செய்யும் தவறு.

நிறுவனத்தின் கணக்குப் பதிவேடுகளையும் அவற்றுக்கு ஆதாரமான காகிதங்களையும் ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பெட்டியின் முதுகில் 'எந்த ஆண்டு' என்பதோடு 'எந்த ஆண்டுவரை வைத்திருக்க வேண்டும்' என்பதையும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். எதைக் கழிக்கலாம் என்று பிறகு யாரும் ஊகிக்க வேண்டியிருக்காது.

உயரத்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலோடு வந்த வெள்ளம் போர்ட் லூயித் தெருக்களில் கார்களை மிதக்கவிட்டதை நாம் எல்லோரும் பார்த்தோம். தரைத்தளத்தில் உள்ள அலுவலகத்தில் கீழ்த்தட்டு என்பது காலியாகவோ, கழித்துவிடக்கூடிய பொருட்களுக்கோ இருக்க வேண்டும். ஒப்பந்தங்கள், நிறுவனப் பதிவுச் சான்றிதழ், ஊழியர் கோப்புகள் ஆகியவை இடுப்புக்கு மேலே. அவற்றின் ஸ்கேன் பிரதி கட்டடத்துக்கு வெளியே ஓர் இடத்திலும் இருக்கட்டும்.

5. தேதிகள்: பின்னாலிருந்து எண்ணுங்கள்

கடைசி நாளைக் காலண்டரில் குறித்துவிட்டு நிம்மதியாக இருப்பது பழக்கமில்லாதவர்களின் வழி. கடைசி நாளிலிருந்து வேலை நாட்களைப் பின்னோக்கி எண்ணி, இரண்டு நினைவூட்டல்கள் போடுங்கள். பத்து வேலை நாள் முன்னால் ஒன்று, தகவல் திரட்ட. மூன்று வேலை நாள் முன்னால் ஒன்று, கையொப்பம் வாங்க. கையொப்பமிட வேண்டியவர் வெளிநாடு போயிருப்பது உங்களுக்குக் கடைசி நாளன்று தெரியவரக்கூடாது.

வருவாய் ஆணையமான எம்.ஆர்.ஏ-வுக்குச் சேர வேண்டிய சம்பள வரிப் பிடித்தமும் சி.எஸ்.ஜி எனும் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பும் அடுத்த மாத இறுதிக்குள் இணையம் வழியாகப் போய்ச் சேர வேண்டும். கம்பெனிப் பதிவாளருக்குக் கட்டும் ஆண்டுக் கட்டணத்துக்கு ஜனவரி 20 கெடு. ஆண்டிறுதி போனஸின் பெரும்பகுதியைக் கிறிஸ்துமஸுக்கு முன்பே கொடுத்தாக வேண்டும். இவற்றைக் கணக்காளர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள். அவர் கணக்கிடுவார். வருகைப் பதிவேடும் கூடுதல் நேரக் கணக்கும் உங்களிடமிருந்துதான் அவருக்குப் போக வேண்டும்.

ஆண்டின் தொடக்கம் மிகவும் ஆபத்தான காலம். ஜனவரி 1, 2, தைப்பூசக் காவடி, பிப்ரவரி 1, சீனப் புத்தாண்டு, மகா சிவராத்திரி, மார்ச் 12 என்று விடுமுறைகள் நெருக்கமாக வரும். புயல் பருவமும் அதே நேரம்தான். புயல் எச்சரிக்கையில் வகுப்பு எண் ஏற ஏற ஆபத்து நெருங்குகிறது என்று பொருள். மூன்றாம் வகுப்பு எச்சரிக்கை வந்தால் அலுவலகம் மூடப்படும். மூன்றாம், நான்காம் வகுப்பு எச்சரிக்கை நடப்பில் இருக்கும்போது வேலைக்கு வராமலிருக்கத் தொழிலாளர் சட்டமே உரிமை தருகிறது, சம்பளமும் பிடிக்கக்கூடாது. ஆகவே ஜனவரி முதல் மார்ச் வரை உள்ள எந்தக் கெடுவுக்கும் கூடுதலாக மூன்று வேலை நாள் ஒதுக்குங்கள். இரண்டாம் வகுப்பு எச்சரிக்கை வந்தவுடன் அன்று முடிய வேண்டிய வங்கி வேலையையும் ஈமெயில்களையும் முதலில் முடித்துவிடுங்கள். ஜன்னலோரக் கணினிகளை நகர்த்துவது அதற்குப் பிறகு.

எபேனில் வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொன்று. நம் கடிகாரம் ஆண்டு முழுவதும் மாறாது, பாரிஸ் கடிகாரம் மாறும். மார்ச் கடைசி ஞாயிறிலிருந்து அக்டோபர் கடைசி ஞாயிறு வரை பாரிஸ் நமக்கு இரண்டு மணி நேரம் பின்னால், மற்ற மாதங்களில் மூன்று மணி நேரம் பின்னால். பாரிஸில் காலை பத்து மணிக் கூட்டம் குளிர்காலத்தில் நமக்குப் பகல் ஒரு மணி, கோடையில் பன்னிரண்டு மணி. ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு மணி நேரம் தாமதமாகக் கூட்டத்துக்குள் நுழைபவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். இந்த வேறுபாட்டைக் காலண்டர் அழைப்பிலேயே இரு ஊர் நேரமாகவும் எழுதிவிடுங்கள். சென்னையோடு பேசுவதில் இந்தக் கவலை இல்லை. அவர்கள் எப்போதும் நமக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால்.

6. மூன்று மொழிகளில் ஓர் அலுவலகம்

வேறு எந்தப் படியிலும் இவ்வளவு பேர் விழுந்து நான் பார்த்ததில்லை. இங்கே கடிதமும் ஒப்பந்தமும் பெரும்பாலும் ஆங்கிலம், தொலைபேசி பெரும்பாலும் பிரெஞ்சு, நடைபாதைப் பேச்சு தீவின் அன்றாட மொழியான கிரியோல். மூன்றும் தெரிந்தால் மட்டும் போதாது. எங்கே எது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் விதி: எதிரில் இருப்பவர் தொடங்கும் மொழியிலேயே பதில் சொல்லுங்கள். வாடிக்கையாளர் பிரெஞ்சில் ஆரம்பித்து நீங்கள் கிரியோலுக்கு இறங்கினால், அவரைத் தாழ்வாக எண்ணியதாக எடுத்துக்கொள்ளக்கூடும். அவர் கிரியோலில் பேசி நீங்கள் பிரெஞ்சுக்கு ஏறினால், அவருக்குப் பேச்சே நின்றுவிடும்.

மரியாதை விஷயத்தில் தமிழ் பேசுபவர்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. நீ, நீங்கள் என்ற வேறுபாடு நம் நாக்கில் ஊறியது. பிரெஞ்சில் த்யூ, வூ. கிரியோலில் தோ, ஊ. வீட்டில் யாரை 'நீங்கள்' என்பீர்களோ, அலுவலகத்தில் அவரிடம் வூ அல்லது ஊ. வயதில் இளையவரானாலும் வாடிக்கையாளர் எப்போதும் வூ. சக ஊழியர் தானாக 'தோ' என்று சொல்லச் சொல்லும்வரை நீங்கள் மாற வேண்டாம். இந்தத் தீவில் பெரியவர்களை 'தோந்தோன்', 'தாந்தின்' என்று அன்போடு அழைப்பது தெருவில் அழகு. வரவேற்பு மேசையில் மிஸ்யே, மதாம் என்பதே பொருத்தம். அண்ணன், அக்கா என்பதும் அப்படித்தான். உணவு இடைவேளையில் சொல்லுங்கள், வெளியார் முன்னால் வேண்டாம்.

தொலைபேசிக்கு நான்கு வரிகளை எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்: நிறுவனத்தின் பெயரோடு போன்சூர், யார் அழைக்கிறார் என்று கேட்க 'செ தெ லா பார் தெ கி', காத்திருக்கச் சொல்ல 'நெ கித்தே பா', கடைசியில், நீங்கள் எழுதியதை அவருக்குத் திருப்பி வாசித்துக் காட்டுவது. நான்காவதை யாரும் விடக்கூடாது. காரணம் எண்கள். பிரெஞ்சில் தொலைபேசி எண்ணை இரண்டிரண்டாகச் சொல்வார்கள். எழுபத்தைந்தை 'அறுபது பதினைந்து' என்றும், தொண்ணூற்றிரண்டை 'நான்கு இருபது பன்னிரண்டு' என்றும் சொல்வது அந்த மொழியின் வழக்கம். கை அவசரப்பட்டு முதலில் 60 எழுதிவிடும், அல்லது 80, 12 என்று எழுதிவிடும். 'சுவாசாந்த்' (அறுபது) அல்லது 'காத்ர் வேன்' (நான்கு இருபது) என்று காதில் விழுந்தால், அடுத்த சொல் முடியும்வரை பேனாவைத் தாளில் வைக்காதீர்கள்.

எழுத்திலும் எண் மாறும். ஆங்கில வழக்கில் 1,500 என்றால் ஆயிரத்து ஐந்நூறு. பிரெஞ்சு வழக்கில் காற்புள்ளி தசமக் குறி. பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனிலிருந்தோ பிரான்சிலிருந்தோ வரும் கோட்டேஷனில் 1,500 கிலோ என்று இருந்தால் அது ஒன்றரைக் கிலோவாக இருக்கலாம். ஊகிக்காதீர்கள், கேட்டு எழுதி வாங்குங்கள்.

இனி ஆங்கில ஈமெயில். பிரெஞ்சில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதும்போது சில சொற்கள் காலை வாரிவிடும். 'தெமாந்தே' என்றால் பிரெஞ்சில் சாதாரணமாகக் கேட்பது, ஆங்கிலத்தில் 'டிமாண்ட்' என்றால் அதட்டிக் கேட்பது. 'எவாந்துவேல்மான்' என்றால் ஒருவேளை, ஆங்கிலத்தில் 'எவென்சுவலி' என்றால் கடைசியில் நிச்சயமாக. 'தெலே' என்றால் கெடு, ஆங்கிலத்தில் 'டிலே' என்றால் தாமதம். பயிற்சிக்கு வந்த ஒரு பெண், 'ஒருவேளை பணம் அனுப்புவோம்' என்று சொல்ல நினைத்து, 'கடைசியில் அனுப்பிவிடுவோம்' என்ற பொருளில் ஒரு நிறுவனத்துக்கு எழுதிவிட்டாள். அவர்கள் அதை வாக்குறுதியாகவே எடுத்துக்கொண்டு, மாதக் கடைசியில் கையில் ஈமெயிலோடு வந்து நின்றார்கள்.

ஈமெயிலின் வடிவம் எளிது. பொருள் வரியில் என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள் என்பது இருக்கட்டும். முதல் வரியிலேயே கேட்பதைக் கேளுங்கள், பின்னணி அதற்குக் கீழே. நலம் விசாரித்து நான்கு வரி எழுதி ஐந்தாவது வரியில் விஷயத்துக்கு வருவது நம் கடித மரபு, உறவினருக்கு அது அழகு. நாளுக்கு நூறு ஈமெயில் பார்ப்பவர் ஐந்தாவது வரிக்கு வரமாட்டார். இணைப்பை முதலில் சேருங்கள், செய்தியை அடுத்து எழுதுங்கள், பெறுநர் முகவரியைக் கடைசியில் போடுங்கள். இந்த வரிசையில் போனால் இணைப்பில்லாத ஈமெயிலும் பாதியில் நழுவும் ஈமெயிலும் நேராது.

7. சில்லறைச் செலவுப் பெட்டியும் இன்வாய்ஸும்

சேர்ந்த இரண்டாம் மாதத்துக்கு முன் பெட்டியை ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஏற்கும் நாளில், கொடுப்பவர் முன்னால் எண்ணி, இருவரும் கையொப்பமிட்ட சீட்டு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

முறை இதுதான். பெட்டியில் ஒரு நிலையான தொகை, 5,000 ரூபாய் என்று வைப்போம். டாக்சி 450, தபால் தலை 230, தேயிலை சர்க்கரை 1,180, பிரிண்டர் தாள் 1,320 செலவாகியிருந்தால் வவுச்சர்களின் (செலவுச் சீட்டுகளின்) மொத்தம் 3,180. கையில் 1,820 இருக்க வேண்டும். எந்த நிமிடத்தில் திறந்தாலும் வவுச்சரும் ரொக்கமும் சேர்ந்து 5,000. நிரப்பும்போது சரியாக 3,180-க்குத்தான் காசோலை கேட்க வேண்டும். '3,000 என்று முழுதாகப் போடலாமே' என்றால் இந்தச் சோதனை உடைந்துவிடும்.

"நாளைக்கு ரசீது தருகிறேன்" என்று கேட்பவருக்கு, அவர் மேலாளராகவே இருந்தாலும், கையொப்பமிட்ட தற்காலிகச் சீட்டு இல்லாமல் பணம் தராதீர்கள். தயக்கமாக இருக்கும். "கணக்கு என் பெயரில் இருக்கிறது, இதில் ஒரு கையொப்பம் போட்டுக் கொடுங்கள்" என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. உங்கள் சொந்தப் பணத்தைப் பெட்டியில் போட்டுக் குறையைச் சரிக்கட்டவும் கூடாது. பத்து ரூபாய் குறைந்தால் பத்து ரூபாய் குறைகிறது என்று அன்றே எழுதுங்கள்.

பொருள் வாங்கிய இன்வாய்ஸ் வந்தால் தொகையைப் பார்ப்பதற்கு முன் தலைப்பைப் பாருங்கள். மதிப்புக் கூட்டு வரி இன்வாய்ஸ் என்ற சொல், விற்றவரின் பெயர், முகவரி, வணிகப் பதிவு எண், வரிப் பதிவு எண், வரிசை எண், தேதி, வரித் தொகை தனியாக. அதோடு உங்கள் நிறுவனத்தின் பெயர், முகவரி, வணிகப் பதிவு எண். வாங்கப் போன ஊழியரின் பெயரில் எழுதி வந்த இன்வாய்ஸை வைத்து வரியைத் திரும்பக் கோர முடியாது. ஆகவே வாங்கப் போகிறவர் கையில் நிறுவனத்தின் பெயரும் எண்ணும் அச்சிட்ட சிறு அட்டை ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள்.

வரி 15 விழுக்காடு. வரி சேர்ந்த தொகை 1,150 என்றால் அதில் வரி 150. 1,150-க்கு 15 விழுக்காடு போட்டு 172.50 என்று எழுதுவது புதியவர்களின் வழக்கமான பிழை. 115-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்குங்கள்.

8. கூட்டமும் கூட்டக் குறிப்பும்

நிகழ்ச்சி நிரலை இரண்டு நாள் முன்பே அனுப்புங்கள். தலைப்புகளைக் கேள்விகளாக எழுதினால் கூட்டம் சீக்கிரம் முடியும். 'பிரிண்டர்' என்று எழுதினால் அரை மணி நேரம் பேசுவார்கள். 'புதிய பிரிண்டர் வாங்குவதா, பழையதைப் பழுது பார்ப்பதா?' என்று எழுதினால் முடிவெடுப்பார்கள்.

குறிப்பு எடுக்கும்போது யார் என்ன பேசினார் என்று எழுத ஓடாதீர்கள். முடிவு, பொறுப்பாளர், தேதி என்று மூன்று கட்டம் போடுங்கள். "பார்க்கலாம்" என்பது முடிவாகாது. அந்தச் சொல் விழுந்தவுடன், "யார் பார்க்கிறார்கள், எந்த நாளுக்குள் என்று எழுதிக்கொள்ளட்டுமா?" என்று கேளுங்கள். கேட்க முதல் தடவை குரல் நடுங்கும். குறிப்பெடுப்பவர் கேட்காவிட்டால் வேறு யாரும் கேட்கப் போவதில்லை. மறுநாள் வேலை முடிவதற்குள் குறிப்பை அனுப்பிவிடுங்கள். ஒரு வாரம் கழித்து அனுப்பினால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கூட்டத்தை நினைவில் வைத்திருப்பார்கள்.

9. பிறர் தகவலைக் காப்பது

தனிநபர் தகவல் பாதுகாப்புக்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. தகவல் கசிந்தால், கூடுமானவரை 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்கு நிறுவனம் தெரிவிக்க வேண்டும். உங்கள் அளவில் மூன்று பழக்கங்கள் போதும். அடையாள அட்டையைச் சொந்தக் கைபேசியில் படம் எடுக்காதீர்கள். சம்பளப் பட்டியலை அச்சிட்டால் பிரிண்டர் பக்கத்திலேயே நின்று எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவச் சான்றைப் பொதுக் கோப்பில் போடாதீர்கள். சின்னத் தீவு இது. ஒருவரின் நோயோ சம்பளமோ ரோஸ் ஹில்லில் காலையில் வாய்விட்டால் மாலைக்குள் அவர் அத்தை வீட்டில் தெரிந்துவிடும்.

10. தவறு நேர்ந்தால் சொல்லும் முறை

நேரும். ஈமெயில் தவறான ஆளுக்குப் போகும், தேதி தப்பும். மறைத்து வைத்துச் சரிசெய்யப் பார்த்து மாலைவரை ஓட்டுவதுதான் உண்மையான சேதம். என்ன நடந்தது, இதனால் யாருக்குப் பாதிப்பு, நான் இதுவரை என்ன செய்தேன், உங்களிடமிருந்து என்ன வேண்டும் என்று நான்கு வரிகளில் அதே மணி நேரத்தில் சொல்லுங்கள். மன்னிப்பை ஒரு முறை கேட்டால் போதும். ஐந்து முறை கேட்டால் மேலாளர் உங்களை ஆறுதல்படுத்த வேண்டியதாகி, தவறைத் திருத்தும் நேரம் போய்விடும்.

வேலை சொல்லும்போதே சில தவறுகளைத் தடுக்கலாம். "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வரும் பழக்கம் நம்மிடம் அதிகம், பெரியவர்களைத் திருப்பிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று வளர்க்கப்பட்டிருக்கிறோம். அலுவலகத்தில் நீங்கள் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்வதுதான் மரியாதை. "வியாழன் மதியத்துக்குள், பிரெஞ்சில், இரண்டு பக்கம், சரிதானே?" என்று கேளுங்கள்.

11. விடுப்பு எடுப்பதும் ஒப்படைப்பதும்

உடல்நலம் சரியில்லை என்றால் முதல் நாளே, வேலை தொடங்கும் நேரத்துக்குள், தொலைபேசியில் தெரிவியுங்கள். தொடர்ந்து மூன்று வேலை நாளுக்கு மேல் வர முடியாவிட்டால் மருத்துவச் சான்று வேண்டும்.

முன்கூட்டியே தெரிந்த விடுப்புக்கு ஒப்படைப்புத் தாள் எழுத வேண்டும். காவடி எடுப்பவர்களுக்கு இது நன்றாகப் பொருந்தும். பொது விடுமுறை ஒரு நாள்தான், விரதமோ அதற்குப் பல நாள் முன்பே தொடங்கிவிடும். கூடுதலாக இரண்டு நாள் வேண்டுமென்றால் டிசம்பர் நடுவிலேயே எழுதிக் கேளுங்கள். ஜனவரியில் கேட்டால், ஆண்டுக் கட்டணமும் மாதக் கணக்கும் நெருங்கும் நேரத்தில் மேலாளர் தயங்குவது இயல்பு.

ஒப்படைப்புத் தாள் ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. பதிவேட்டில் இன்னும் முடியாத வரிகளின் எண்கள். நீங்கள் இல்லாத நாட்களில் வரும் கெடுக்கள். யாராவது அழைத்தால் என்ன பதில் சொல்வது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. பணப்பெட்டியின் அன்றைய இருப்பு, எண்ணிப் பெற்றவரின் கையொப்பத்தோடு. சாவி யாரிடம் என்பது. இதைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடாமல், பொறுப்பேற்பவரோடு உட்கார்ந்து வரி வரியாக வாசியுங்கள், அவர் கேட்கும் கேள்விகளை அதே தாளில் எழுதுங்கள். திரும்பி வந்த காலையில் ஈமெயிலைத் திறப்பதற்கு முன் அவரிடம் போய், அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியும் என்ன ஆயிற்று என்று கேட்டு, பதிவேட்டில் தேதி போடுங்கள்.